சருகு நெருப்பும் உண்ணிச்செடியும்: தென்னிந்தியக் காடுகளில் தீத்தடையின் வரலாறு

முன்னுரை

அமெரிக்க வெப்பமண்டலத்தைத் தாயகமாகக் கொண்ட உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவிற்கு வந்தது. இன்று முதுமலை, சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைக் காடுகளில் அது புதராக மண்டிக் கிடக்கிறது. இப்பரவலுக்கும் காட்டில் தீயிடுதல் தடைசெய்யப்பட்டதற்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

தீத்தடையின் தோற்றம்

1860களில் மத்திய மாகாணங்களின் போரிக் காட்டில் தொடங்கிய தீத்தடுப்பு முறை, 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின் வழிச் சென்னை மாகாணத்திலும் வேரூன்றியது. மலைமக்கள் காப்புக்காட்டில் இடும் தீ குற்றமாயிற்று. எனினும், பர்மாவில் தீ விலக்கப்பட்ட காடுகளில் தேக்கு நாற்றுகள் அருகியதை வன அலுவலர்களே கண்டனர். கோடை முதிருமுன் இடும் மிதமான தீ அங்கு மீண்டும் ஏற்கப்பட்டது. அப்படிப்பினை பரவலாகக் கொள்ளப்படவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சரணாலயங்களில் தீயிடுவதைத் தடைசெய்தது.

சோளகர் வழக்கம்

பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், கோடையின் தொடக்கத்தில் ‘தரகு பெங்கி’ எனப்படும் சருகு நெருப்பை இட்டுவந்தனர். தரையோடு தவழும் அத்தீ சருகை எரித்துப் புல்லைத் தளிர்க்கச் செய்யும்; நெல்லி மரங்களைப் பற்றும் புல்லுருவியையும் கட்டுப்படுத்தும் என்பது அவர்தம் பட்டறிவு. 1974இல் அம்மலை சரணாலயமானபின் அவ்வழக்கம் நின்றது. அதன் பின்னரே உண்ணிச்செடி பெருகியது என்பர் சோளகர்.

இதற்கு மாறாக, தீயும் உண்ணிச்செடியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்னும் கருதுகோளை அங்கிளா ஹிரேமத், பரத் சுந்தரம் ஆகியோர் 2005இல் முன்வைத்தனர். இவ்விரு கூற்றுகளும் குறிப்பது ஒரே தீயை அன்று. முன்னது சிறு நாற்றுகளைச் சுடும் தணிந்த தீ. பின்னது கோடை உச்சத்தில் புதரைப் பற்றி மரவுச்சி வரை எழும் பெருந்தீ. பெருந்தீக்குப் பின் மரங்கள் மடிய, உண்ணிச்செடியோ அடித்தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது.

முடிவுரை

ஆகவே, புதர் மண்டிய காட்டில் பழைய தீயை அப்படியே மீட்பது கேடாக முடியும். முதலில் செடியை வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி அகற்றிப் புல்லை மீட்க வேண்டும். தணிந்த தீக்கு அதன் பின்னரே இடமுண்டு. வனவுரிமைச் சட்டத்தின்கீழ் 2011இல் சோளகரின் சமூக வனவுரிமை ஏற்கப்பட்டது, தீத்தடையோ நீடிக்கிறது. எப்போது, எங்கே, எவ்வளவு எரிக்கலாம் என்பதை நேரில் அறிந்த தலைமுறை மறையுமுன் அவ்வறிவு ஆவணமாதல் வேண்டும்.