பாதரச நீக்கம் (வேதித் தொழில்கள்)

காஸ்டிக் சோடா, குளோரின், அசிட்டால்டிஹைடு, வினைல் குளோரைடு முதலியவற்றைத் தயாரிக்க மின்வாயாகவோ வினையூக்கியாகவோ பயன்பட்டுவந்த பாதரசத்தைக் கைவிட்டு மாற்று முறைகளுக்கு மாறுவதே பாதரச நீக்கம். இம்முறைகளில் பாதரசம் விளைபொருளில் சேர்வதற்கானதல்ல. வேலை முடிந்ததும் ஆலைக்குள்ளேயே தங்கிவிட வேண்டியது. முழுவதும் தங்காததுதான் கேடு. (பாதரசத்தை உள்ளே அடைத்து விற்கும் பொருள்களின் தயாரிப்பு வேறு வகை, 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை அவ்வகையைச் சேர்ந்தது.)

பாதரசத்தை மின்வாயாகக் கொண்ட பாதரசக் கலத்தை 1892இல் அமெரிக்கரான ஹாமில்டன் காஸ்ட்னரும் ஆஸ்திரியரான கார்ல் கெல்னரும் தனித்தனியே உருவாக்கினர். சற்றே சரிந்த நீண்ட தொட்டியின் எஃகு அடித்தளத்தில் பாதரசம் மெல்லிய படலமாக ஓடும். அதன்மேல் செறிந்த உப்புக்கரைசல் பாயும். நேர்மின்வாயில் குளோரின் வெளிப்பட, சோடியம் பாதரசத்தில் கரைந்து இரசக்கலவையாகும். அக்கலவை அடுத்த கலனில் கிராஃபைட்டின் முன்னிலையில் தண்ணீருடன் வினைபுரிந்து, 50 விழுக்காடு செறிவுள்ள காஸ்டிக் சோடாவையும் ஹைட்ரஜனையும் தரும். பிரிந்த பாதரசம் பம்பு வழியே தொட்டிக்குத் திரும்பும். காய்ச்சிச் சுண்டவைக்காமலே இத்தனை செறிந்த சோடா கிடைத்ததால்தான் இம்முறை நூற்றாண்டு கடந்தும் நீடித்தது. ஆனால் ஹைட்ரஜனோடும், சோடாவோடும், உப்பைச் சுத்திகரித்த சேற்றோடும் பாதரசம் சிறுகச் சிறுக வெளியேறியது. பழுதுபார்க்கக் கலத்தைத் திறந்தபோதெல்லாம் அதன் ஆவியைத் தொழிலாளர்கள் சுவாசித்தார்கள்.

வினையூக்கியாகப் பயன்பட்ட பாதரசம் விளைவித்த பேரழிவு ஜப்பானின் மினமாட்டாவில் நிகழ்ந்தது. சிஸ்ஸோ நிறுவனம் அங்கே 1932 முதல் 1968 வரை பாதரச சல்பேட்டைக் கொண்டு அசிட்டால்டிஹைடு தயாரித்தது. அவ்வினையில் உருவாகிக் கழிவுநீரில் போன மெத்தில் பாதரசம் மீன்களிலும் சிப்பிகளிலும் சேர்ந்து, அவற்றை உண்ட மீனவக் குடும்பங்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. கருவிலேயே நஞ்சேறிய குழந்தைகள் பிறந்தனர். நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது 1956 மே மாதத்தில். ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். அந்தத் தாமதத்தை எந்த அறிவியல் ஐயமும் நியாயப்படுத்தாது.

குளோரின் தொழிலுக்கு மாற்றுவழி ஜப்பானிலிருந்தே வந்தது. 1975இல் அசாஹி கெமிக்கல் நிறுவனம் நோபியோக்காவில் சவ்வுக் கல ஆலையை இயக்கியது. சோடியம் அயனிகளை மட்டும் கடத்தும் பாலிமர் சவ்வு இங்கே பாதரசத்தின் இடத்தைப் பிடிக்கிறது; மின்சாரமும் குறைவாகவே செலவாகிறது. கால்சியமும் மக்னீசியமும் துளியளவு எஞ்சினாலும் சவ்வு கெடும் என்பதால் உப்புக்கரைசல் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும். ஜப்பான் 1986க்குள் பாதரசக் கலங்களைக் கைவிட்டது. இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பொறுப்புச் சாசனம் 2012ஐ இலக்காக வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 டிசம்பர் கெடுவானது.

2013இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, அசிட்டால்டிஹைடு உற்பத்திக்கு 2018ஐயும் குளோரின்–காஸ்டிக் சோடா உற்பத்திக்கு 2025ஐயும் இறுதியாண்டாக நிர்ணயித்தது. இந்தியா 2018இல் இதை ஏற்புறுதி செய்தது. பி.வி.சி.யின் மூலப்பொருளான வினைல் குளோரைடுக்கு அத்தகைய திட்டவட்டமான கெடு விதிக்கப்படவில்லை. ஓர் அலகு உற்பத்திக்குச் செலவாகும் பாதரசத்தை 2010 அளவிலிருந்து 2020க்குள் பாதியாக்கவே உடன்படிக்கை கோரியது. நிலக்கரிவழி அசிட்டிலீனை நம்பியிருக்கும் சீனாவில்தான் இப்பயன்பாடு மிகுதி. தங்கத்தாலான வினையூக்கிகள் அங்கே மாற்றாக முன்வைக்கப்படுகின்றன.

பெரிய குளோரின் ஆலையொன்றை மூடும்போது நூறு டன்னுக்கும் மேல் பாதரசம் மிஞ்சலாம். சந்தைக்குப் போனால் அது சிறு தங்கச் சுரங்கங்களைச் சென்றடைந்து, அங்கே தங்கத்தைப் பிரிக்கையில் ஆவியாகும். ஆகவே அதை மறுபடி விற்காமல் பாதுகாப்பாக அகற்ற வேண்டும் என்கிறது உடன்படிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2011 மார்ச்சிலேயே ஏற்றுமதியைத் தடைசெய்தது. கந்தகத்துடன் சேர்த்துத் திண்மச் சல்ஃபைடாக்கிய பாதரசத்தை ஜெர்மனியின் ஆழ்ந்த உப்புச் சுரங்கங்களில் வைக்கும் முறை அங்கே நடைமுறையில் உள்ளது.