கடல் கடந்து வந்த திராட்சை இரசம்

நமது செம்பரம்பாக்கத்தின் வழியே, பெங்களூர் நெடுஞ்சாலையில் கப்பலுக்குச் செல்லும் சரக்குப் பெட்டகங்களை அன்றாடம் காண்கிறோம். கப்பல் வாணிகம் தமிழகத்திற்குப் புதிதன்று. திருப்பலியில் நாம் காணிக்கையாக்கும் திராட்சை இரசமும் பண்டு கடல் கடந்து வந்த சரக்கேயாகும்.

புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், 'ஆம்போரா' எனும் இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. இவற்றுள் பல, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியிலிருந்தும் கிரேக்கத் தீவுகளிலிருந்தும் இரசம் சுமந்து வந்தவை. இரசம் கசியாதிருக்க உட்புறம் கீல் பூசி, வாயைத் தக்கையால் அடைத்து அனுப்பினர். எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து ஜூலை மாதத்தில் புறப்பட்ட கப்பல்கள், தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் இந்தியக் கரை சேர்ந்தன. யவனர் தந்த இந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாடலும் குறிப்பிடுகிறது.

அன்று அது அரசர் பருகிய பானம். திருப்பலிக்கோ, கெட்டுப்போகாத, கலப்பற்ற திராட்சை இரசமே வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (1983ஆம் ஆண்டுத் தொகுப்பு, எண் 924). நெடும்பயணத்தில் புளித்துக் காடியாகிவிட்டால் அது பீடத்திற்கு உதவாது. ஆகவே நம் மண்ணிலேயே கொடி வளர்வது பெரும் பேறு. 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்ததாகக் கூறப்படும் பன்னீர் திராட்சை, கம்பம் பள்ளத்தாக்கில் செழித்து, 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

கப்பலில் வந்த சாடிகள் உடைந்து மண்ணுள் புதைந்தன. நட்ட கொடியோ இன்றும் கனி தருகிறது. யூபிலி கொண்டாடும் நாமும் நம் பிள்ளைகளுக்காக நட்டுச் செல்வோமாக!