மார்கழிப் பாட்டு யாருடைய குரல்?



மார்கழி பிறந்துவிட்டது. பல்லடம் பக்கம் விடியக்காலைக் குளிரில் கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையைப் பாடுகிறது. ஒரே குரல்தான் கேட்கிறது. ஆனால் அது ஒற்றைக் குரலுக்கென்று பிறந்த பாட்டு அல்ல.

ஆண்டாளுக்கும் முந்திய பரிபாடலைப் பாருங்கள். அதன் 11ஆம் பாட்டு வையை ஆற்றைப் பற்றியது. பனி நடுக்கும் திருவாதிரை நாளில் கன்னிப்பெண்கள் கூட்டமாக நீராடுகிறார்கள். நிலம் வெம்பாமல் மழை பெய்யட்டும் என்று வேண்டுகிறார்கள். கரையேறி, நடுங்கியபடி வேள்வித் தீயருகே ஈரத்துணியைக் காயவைக்கிறார்கள். எழுதியவர் நல்லந்துவனார், இசையமைத்தவர் நாகனார், பண் பாலையாழ். மெட்டு மறைந்துவிட்டது, மெட்டுப் போட்டவர் பெயர் மட்டும் தங்கிவிட்டது! இதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

திருப்பாவையின் 30 பாட்டில் பெரும்பாலும் பேசுவது 'நான்' அல்ல, 'நாம்'. 6ஆம் பாட்டிலிருந்து தோழியரை வீடு வீடாக எழுப்புகிறார்கள். திருவெம்பாவையின் 20 பாட்டும் அதே கூட்டுக்குரல். இரண்டிலும் மழை கேட்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்கிற மாதத்தில் அடுத்த மழைக்கு விண்ணப்பம்! பி.ஏ.பி. வாய்க்கால் வரும்முன் வானம் பார்த்துச் சோளம் விதைத்த நம் பெரியவர்களுக்கு அந்த நம்பிக்கையின் கனம் தெரியும். (எந்தத் திருவிழாவையும் நாம் 'நோம்பி' என்கிறோமே, அது பாவை நோன்பில் வரும் அதே 'நோன்பு' தான்.)

கடந்த நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவை முழுவதற்கும் ராகம் அமைத்தார். முதல் ஐந்தும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. திருவையாற்றில் ஊரே கூடிப் பாடும் தியாகராஜரின் பஞ்சரத்தினங்களுக்கும் இதே ஐந்து ராகங்கள், இதே வரிசை. எம்.எல்.வசந்தகுமாரியின் இசைத்தட்டு அந்த மெட்டுகளை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜால்ரா தட்டிக்கொண்டு வீதியில் நடக்கும் பிள்ளைக்கு வராளி சட்டென்று பிடிபடாது. தேர்ந்த குரல் பாட, மற்றவர்கள் கேட்பவர்கள் ஆனோம். பிறகு கேசட், ஒலிபெருக்கி. தோழியரை எழுப்பிய பாட்டு இப்போது போர்வைக்குள் படுத்தபடியே கேட்கிற பாட்டாகிவிட்டது.

எளிய பஜனை மெட்டில், சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை என்று, பிள்ளைகள் சேர்ந்து பாடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் ஊரில் உண்டா? எந்தக் கோயில், காலை எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று எழுதுங்க. பக்கமாக இருந்தால் வருகிறேன்.