கதை முன்னா, குறிப்பு முன்னா?

சிறுவர் நாவல்களில் பக்கத்தின் அடியில் வரும் குறிப்புகளைப் பிள்ளைகள் படிக்க வேண்டுமா, விட்டுச் செல்லலாமா என்னும் வினா ஆசிரியர்களிடையே எழுவதுண்டு. இதற்கு விடை காண, நம் முன்னோர் கற்பித்த முறையை நோக்குதல் நலம்.

ஏட்டுச் சுவடியில் மூலத்தைத் தொடர்ந்து உரை வரும். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோ ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் முதலில் மனப்பாடம் செய்தனர். பொருள் பின்னரே விளங்கிற்று. அச்சுக் காலத்தில் ஆறுமுக நாவலர் (1822–1879) இந்நீதி நூல்களுக்கு எளிய உரை வகுத்தார். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளில் அடிக்குறிப்பு சிறப்பிடம் பெற்றது. எனினும் அவை புலவர்க்கு உரியவை.

கதை நூலுக்கும் காலம் செல்லச் செல்லக் குறிப்பு வேண்டியதாகிறது. லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிஸ் கதையில், அக்காலப் பிள்ளைகள் பள்ளியில் ஒப்புவித்த பாடல்களைக் கேலியாக மாற்றிப் பாடியுள்ளார். அன்று அது கேட்டவுடன் சிரிப்பூட்டியது. மூலப் பாடல்கள் மறக்கப்பட்டபின் நகைச்சுவையும் மறைந்தது. 1960இல் மார்ட்டின் கார்ட்னர் விரிவான குறிப்புகளுடன் அந்நூலைப் பதிப்பித்தார். மூலத்தை முன்பே சுவைத்த பெரியவர்களுக்கே அது பெரிதும் பயன்பட்டது.

சிங்கையில் இவ்வினா இன்னும் கூர்மையானது. இங்கு இறுதியாக இயங்கிய தமிழ்ப் பள்ளியாகிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்று மொழியாயிற்று. தமிழ் ஒரு பாடமாக நின்றது. தமிழகச் சிற்றூர்ப் பிள்ளைக்கு ஏற்றம், களத்துமேடு, நாற்றங்கால் என்பவை கண்ணால் கண்டவை. அடுக்குமாடியில் வளர்ந்து, சிராங்கூன் சாலையில் மாவிலையையும் கரும்பையும் பொங்கலுக்குப் பொங்கல் காணும் பிள்ளைக்கோ அவை வெறும் சொற்கள். குறிப்பின்றேல் பொருள் போகும். வரிக்கு வரி குறிப்பெனில் கதை போகும். கதை போனால் தமிழ் நூலை மறுமுறை அப்பிள்ளை தொடுமோ?

ஆதலின் திண்ணைப் பள்ளி வரிசையே இங்கும் ஏற்றது. ஆசிரியர் குறிப்புகளை முன்னரே படித்துக்கொள்ளட்டும். பிள்ளை ஓர் அத்தியாயத்தைத் தடையின்றிப் படிக்கட்டும். பின் “ஏற்றம் என்றால் என்ன, ஐயா?” என்று அதுவே கேட்கும். குறிப்பைத் திறக்கத் தக்க வேளை அதுவே. கேளாத வினாவுக்குத் தரும் விடை மனத்தில் நில்லாது.