ஒட்டி வைத்த பூவும் எழுதி வைத்த பெயரும்

அண்மையில் என் மாணவி ஒருவர் தம் ஸ்கிராப் புத்தகத்தைக் காட்டினார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்தவர். காகிதத்தில் செய்த பூக்களோடு, புத்தகத்திற்குள் வைத்து உலர்த்திய காட்டுப் பூக்களும் பக்கந்தோறும் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றைச் சுட்டி, "இதன் பெயர் என்னம்மா?" என்றேன். "எங்க பாட்டிக்குத் தெரியும் ஐயா" என்றார். அந்த விடைதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

பூவைத் தாளில் அழுத்தி உலர்த்திக் காக்கும் கலையை முறைப்படுத்தியவராக, பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலியப் பேராசிரியர் லூக்கா கினியைச் சொல்வர். தமிழ்க் கடற்கரைக்கு அது விரைவிலேயே வந்துவிட்டது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர் சாமுவேல் பிரவுன் இங்குள்ள செடிகளை உலர்த்தி, அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் பயன்களையும் குறித்து, இலண்டனிலிருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். மக்கள் வாயில் வழங்கிய பெயர் உலர்ந்த செடியோடு கடல் கடந்து சென்றது.

தரங்கம்பாடியில் இப்பணி வளர்ந்தது. லின்னேயசின் மாணவரான கோனிக் 1768இல் அங்கு வந்தார். 1776இல் வந்த பாதிரியார் ரோட்லர் (1749–1836) அறுபது ஆண்டுகள் இந்நாட்டிலேயே வாழ்ந்து மறைந்தார். அவர் திரட்டிய உலர்தாவரங்கள் பிற்காலத்தில் இலண்டன் கியூ தோட்டத்தைச் சேர்ந்தன. தமிழ் படித்தவர்களுக்கு அவர் வேறு வகையில் அறிமுகமானவர்: 1834 முதல் வெளிவந்த தமிழ் – ஆங்கில அகராதியைத் தொகுத்தவர் அவரே. செடியை உலர்த்திய கையே சொல்லையும் சேகரித்தது. இரண்டும் ஒரே உழைப்பின் இரு பக்கங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அது முடிவுற்ற ஐந்தாம் ஆண்டில், 1981இல், கே.எம். மேத்யூ என்னும் இயேசு சபைத் துறவியின் 'தமிழ்நாடு கர்நாடிக்' தாவர நூல் வெளிவரத் தொடங்கி, 1988 வரை பல தொகுதிகளாக நிறைவெய்தியது. சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகியவற்றோடு கல்வராயனும் அதில் இடம்பெற்றது. அதற்கு அடித்தளமாக அமைந்த உலர்தாவரத் தாள்கள் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில், 1967இல் அவர் நிறுவிய ராப்பினாட் ஹெர்பேரியத்தில் உள்ளன.

அத்தகைய தாளுக்கும் மாணவியின் பக்கத்திற்கும் செய்முறையில் பெரிய வேறுபாடில்லை. செய்தித்தாள்களுக்கிடையே செடியைப் பரப்பி, பலகைகளுக்கிடையே இறுக்கி, ஈரம் உறிஞ்சிய தாள்களை நாள்தோறும் மாற்றி, காய்ந்தபின் கெட்டித் தாளில் ஒட்டுகிறார்கள். வேறுபாடு கீழ்மூலையில் ஒட்டும் சிறு சீட்டில் இருக்கிறது. இடம், நாள், உயரம், சேகரித்தவர், பெயர் ஆகியவை அதில் இருக்கும். பூவின் நிறத்தையும் மணத்தையும் கூட அங்கே எழுதிவைப்பார்கள். உலர்ந்தபின் நிறம் மங்கும், மணம் போய்விடும். பூ இழந்ததை எழுத்து காக்கிறது.

எழுத்து மட்டும் நின்று பூ நழுவிப்போவதும் உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறது என்பர். அவற்றுள் சில இன்றைய எந்தச் செடி என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு தீரவில்லை. பெயர் கிடைத்தும் பூவைத் தேடுகிறோம். மாணவியின் ஏட்டில் பூ இருக்கிறது. பெயர் மலையில் ஒரு மூதாட்டியின் நினைவில் மட்டும் இருக்கிறது. இலத்தீன் பெயரை எந்நாட்டு வல்லுநரும் நாளை கண்டு சொல்லிவிட முடியும். மலையாளி மக்கள் அப்பூவை அழைத்த பெயரை அப்படி மீட்க முடியாது.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மலையடிவாரப் பள்ளிகளும் கல்லூரிகளும் ஆளுக்கொரு ஏடு தொடங்கினால் போதும். அரிய செடியை வேரோடு பறிக்க வேண்டியதில்லை. உதிர்ந்த பூவும் ஒரு சிறு கிளையும் தாராளம். பக்கத்தில் ஊர், நாள், சொன்னவர் வழங்கும் பெயர் என மூன்று வரிகள் எழுதினால், அலங்கார ஏடு ஆவணமாகிவிடும்.

பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவி திரும்பி வந்து ஏட்டை மீண்டும் காட்டினார். பதினோரு பூக்களின் கீழே பென்சிலால் பெயர்கள் எழுதியிருந்தன. இரண்டின் கீழே, "பாட்டிக்கு மறந்துவிட்டது" என்று இருந்தது.