1,272 ரூபாய் 50 காசு... ‘ரவுண்டா’ எவ்வளவு? நெல் கணக்கில் விவசாயிகள் கவனிக்க வேண்டியது என்ன?

“சில்லறை இல்லைங்க, ரவுண்டா குடுத்துடுங்க.” உத்திரமேரூர் கடைத்தெருவில் மட்டுமல்ல, எந்த ஊர்க் கடையிலும் கேட்கும் வார்த்தைதான் இது. இந்த ‘ரவுண்டு’ எப்போது சரி, எப்போது நஷ்டம்? எளிமையாகப் பார்க்கலாம்.

விதி என்ன?

50 காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய். 50 காசுக்குக் குறைவாக இருந்தால் காசை விட்டுவிடலாம். 247.50 ரூபாய் 248 ஆகும். 247.49 என்றால் 247தான். கட்ட வேண்டிய வரித் தொகைக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 170-வது பிரிவு சொல்வதும் இதைத்தான்.

50 காசு செல்லுமா?

செல்லும். 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும்தான் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. யுபிஐ-யில் பணம் அனுப்பினால் காசு வரை சரியாகவே கொடுக்கலாம். ரவுண்டு செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

நெல் கணக்கில் எங்கே சிக்கல்?

2025-26 கொள்முதல் பருவத்துக்கு, தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து சன்னரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். அதாவது கிலோ 25 ரூபாய் 45 காசு. ஒரு மூட்டை 40 கிலோ. 100 மூட்டை என்றால் 4,000 கிலோ.

சரியான கணக்கு: 4,000 × 25.45 = 1,01,800 ரூபாய்.
‘கிலோ 25 ரூபாய்னு வெச்சுக்கலாம்’ என்றால்: 4,000 × 25 = 1,00,000 ரூபாய்.

45 காசுதானே என்று விட்டால் 1,800 ரூபாய் போச்சு! விதிப்படி செய்த ரவுண்டுதான். ஆனால் செய்த இடம் தப்பு. கடைசித் தொகையில் செய்திருந்தால் அதிகபட்சம் 50 காசுதான் வித்தியாசம் வரும்.

எடையிலும் இதே கதைதான். மூட்டைக்கு அரை கிலோ கூடுதலாகப் போனால், 100 மூட்டைக்கு 50 கிலோ. அதன் மதிப்பு 1,272 ரூபாய் 50 காசு. ரவுண்டாக 1,273 ரூபாய்!

அப்போ எங்கே ரவுண்டு செய்யலாம்?

கடைக்குப் போகும் முன் மனக்கணக்குப் போட ரவுண்டு நல்லது. 48, 92, 137 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் 50, 90, 140 எனக் கூட்டுங்கள், 280 வரும். உண்மையான தொகை 277. பில்லில் 377 என்று இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

நினைவில் வைக்க வேண்டியவை:

• விலையையும் எடையையும் நடுவில் ரவுண்டு செய்யாதீர்கள்.
• பெருக்கி, கூட்டி முடித்த பிறகு கடைசித் தொகையில் மட்டும் செய்யுங்கள்.
• வங்கிக் கணக்கில் ஏறிய தொகையை ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உத்திரமேரூருக்குக் கணக்கு புதுசு இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள், உறுப்பினராகும் தகுதிக்குக் கால் வேலி, அரைக்கால் வேலி என நிலத்தைப் பின்னத்தில்தான் அளந்தன. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களுக்கு மறுபடி வாய்ப்பும் இல்லை!