ஏரி வெட்டினவர் பேர் ஏரிக்கு இல்லை

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது அக்கா பையன் கேட்டான்: "மாமா, ஆர்.கே.ன்னா யாரு?"

ராமகிருஷ்ணராஜு பேட்டை என்பதுதான் முழுப்பெயர். கார்வேட்நகர் ஜமீனின் பிடியில் இருந்த பகுதி இது, ராஜு என்ற ஒட்டே அந்தக் காலத்தைச் சொல்லிவிடும். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் நாங்கள் சித்தூர் மாவட்டம். எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பக்கமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. இத்தனை மாற்றத்திலும் ஊர்ப் பெயர் மாறவில்லை. ஆனால் பெயருக்குள் இருந்த ஆள் இரண்டு எழுத்தாகிவிட்டார்.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. சென்னை ஆர்.கே.நகரின் ஆர்.கே. யாரென்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். 1888-ல் இதே திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன்தான் அவர். தியாகராய நகர் தி.நகர் ஆனதும் இப்படித்தான்.

பையன் விடவில்லை. "அப்போ ஊட்டி ஏரிக்கு யார் பேரு?" போன கோடையில் அவனைப் படகுச் சவாரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். யார் பேரும் இல்லைடா என்றேன். வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

ஊட்டி ஏரியை உண்டாக்கியவர் ஜான் சல்லிவன், கோயம்புத்தூர் கலெக்டர். 1819 தொடக்கத்தில் மலையேறி கோத்தகிரிப் பக்கம் வந்தவர், அந்தக் குளிரிலேயே மனசைப் பறிகொடுத்துவிட்டார். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்றைக்கு நினைவகமாக இருக்கிறது. பிறகு உதகைக்குப் போய் 1822-ல் ஒரு கல் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டார். அங்கே எழுந்த முதல் ஐரோப்பிய வீடு அது. அந்த இடத்தில் இப்போது அரசு கலைக் கல்லூரி. 1823 முதல் 1825 வரை ஓடைகளை மறித்து ஏரி வேலை நடந்தது.

இவரை நான் வெறும் அதிகாரியாகப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டின் முதல் சுற்றுலாப் பிரச்சாரகர் என்று தாராளமாகச் சொல்லலாம். 'இந்த மலைக் காற்று நோயாளியைத் தேற்றும், காய்ச்சலில் சாகிற சிப்பாய்களை இங்கே அனுப்புங்கள்' என்பதுதான் சென்னை அரசுக்கு அவர் விடாமல் எழுதியதன் சாரம். கவர்னர் தாமஸ் மன்றோவே 1826-ல் மலைக்கு வந்து பார்த்தார். ஏற்காடு, கொடைக்கானல் எல்லாம் பெயரெடுப்பதற்கு முன்னால், 'மலைக்குப் போனால் உடம்புக்கு நல்லது' என்ற எண்ணத்தை அரசாங்கத்தின் தலையில் ஏற்றியவர் அவர்.

சரி, அப்படியானால் ஏரிக்கு அவர் பெயர் வைத்திருக்க வேண்டும்தானே? வைக்கவில்லை. ஊட்டி ஏரி என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஏரியின் பழைய பரப்பிலும் ஒரு பகுதி பஸ் நிலையமாகவும் ரேஸ் மைதானமாகவும் போய்விட்டது. 2022-ல் ஊட்டியின் இருநூறாம் ஆண்டையொட்டித்தான் அவருக்கு அங்கே மார்பளவுச் சிலை வந்தது.

பக்கத்து ஊர் குன்னூரைப் பாருங்கள். 1874-ல் அங்கே ஒரு பூங்கா உருவானது. சென்னை அரசின் செயலாளர் ஜே.டி.சிம், மேஜர் முர்ரே என்று இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை. பெயர் மட்டும் சிம்ஸ் பூங்கா. மே மாதப் பழக் கண்காட்சிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது, முர்ரே யார் என்று கேட்க ஆளில்லை. கொடைக்கானலிலும் இதே கணக்குதான். 1863-ல் அங்கே ஏரியை உண்டாக்கியவர் மதுரை கலெக்டர் லெவிஞ்ச், ஏரிக்கு அவர் பெயர் இல்லை. 1872-ல் மலை ஓரமாக நடைபாதை போட்ட லெப்டினன்ட் கோக்கருக்கு மட்டும் கோக்கர்ஸ் வாக் கிடைத்தது. அங்கே நின்று செல்ஃபி எடுக்கிறவர்களுக்கு கோக்கர் ஒரு ஆள் என்றே தெரியாது.

ஆக, பெயர் கிடைத்தவரையும் மறந்துவிட்டோம், கிடைக்காதவரையும் மறந்துவிட்டோம். அப்புறம் பெயர்ப்பலகையால் என்னதான் பிரயோசனம்?

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. உதகை ஆளில்லாத காடு அல்ல, தோடர்களின் மந்து இருந்த இடம். 'மந்து' என்ற அவர்களின் சொல் ஊர்ப் பெயரிலேயே ஒட்டியிருக்கிறது. சல்லிவன் அவர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார். அதே சல்லிவன்தான் மலை நிலத்தில் தோடர்களுக்கு உரிமை உண்டு என்று அரசாங்கத்தோடு மல்லுக்கும் நின்றார். மனுஷன் இரண்டுமாகத்தான் இருந்தார். 'ஊட்டியின் தந்தை' என்று மட்டும் பொறித்தால் பாதிக் கதைதான் பலகையில் இருக்கும். ஏரியை 'சல்லிவன் ஏரி' ஆக்கலாமே என்று முதலில் எனக்கும் தோன்றியது. இதைப் படித்தபிறகு அந்த வேகம் குறைந்துவிட்டது.

இப்போது நம்ம மலைக்கு வருகிறேன். திருத்தணிக்கு 365 படி. டிசம்பர் 31 ராத்திரி படிக்குப் படி பூசை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே கூட்டம் ஏறும். இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஜனவரி 1 அன்று துரைமாரைப் பார்த்து சலாம் போடப் போனவர்களை, 'துரைக்கெல்லாம் துரை தணிகை முருகன், அவனைக் கும்பிட வாங்க' என்று மலைக்குத் திருப்பினார் என்பார்கள் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள். சல்லிவன் உடம்பு தேற மலைக்குக் கூப்பிட்டார், சுவாமிகள் பாடிக்கொண்டு ஏறக் கூப்பிட்டார். சுவாமிகள் 1950-ல் மறைந்தார். அவர் ஆரம்பித்த படிவிழாவுக்கு இன்றும் கூட்டம் குறையவில்லை, அந்தக் கதையும் படியேறும்போதே வாய்வழியாகக் கை மாறிக்கொண்டிருக்கிறது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பூங்காவுக்கோ ஏரிக்கோ ஒருவர் பெயரை வைப்பது தப்பில்லை. ஆனால் பெயர் தனியாக நின்றால் இரண்டு தலைமுறையில் இனிஷியல் ஆகிவிடும். நாளைக்கு நம்ம தாலுகாவில் ஒரு பூங்கா திறந்து யார் பெயரையாவது வைத்தால், கீழே நாலு வரியும் எழுதச் சொல்லுங்கள்: அவர் என்ன செய்தார், அந்த இடம் அதற்கு முன் யாருடையது, கூட வேலை செய்தவர் யார். முர்ரேக்கள் அந்த நாலு வரியிலாவது பிழைத்துக் கிடப்பார்கள்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம பஸ் போர்டுல முழுப் பேரையும் எழுதச் சொல்லலாமா மாமா?" என்றான். இடம் பத்தாதுடா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.